மம்மியைப் பார்க்க மம்மி பர்மிஷன்!

'எகிப்துக்குப் போகலாம்னு இருக்கேன்' என்று வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

"அங்கே யாருடா இருக்கா நமக்கு?" என்பது முதல் கேள்வி. "மம்மியைப் பார்க்க அத்தனை தூரம் போகணுமா? இங்கே ஒருத்தி உயிரோட இருக்கேனே, என்னிக்காவது பக்கத்தில உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசியிருக்கியா?" என்பது இரண்டாவது. இந்த இடத்தில் பெரியப்பா யாராவது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "அந்தப் பணத்தை ஒரு கிரவுண்டுக்கு அட்வான்ஸா போட்டு வையேன்" என்பார். நீங்கள் அத்தோடு பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள்.

என் நண்பர் ஒருவர் மறைத்துக்கொள்ளவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். முப்பத்து நாலு வயது. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டுக் கட்டி, கையில் ஒன்றேமுக்கால் லட்சம் வந்திருக்கிறது. ஏழாவது வகுப்பு சரித்திரப் புத்தகத்தில் பிரமிட் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அந்தப் பித்து. அம்மாவுக்கோ காசிப் பித்து. "நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு தடவை கங்கையில முங்கிடணும்டா" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரே சீட்டுப் பணம். இரண்டு நதி. என்ன செய்வது?

நண்பர் கணக்குப் போடச் சொல்லி என்னிடம் வந்தார். பி.காம். படித்தவனுக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்? போட்டுக் கொடுத்தேன். முதல் வரியிலேயே 'காசி - அம்மா - ரூ.30,000' என்று எழுதினேன். அவர் முகம் சுருங்கியது. "சார், காசி எப்பவும் இருக்கும்..." என்றார். "பிரமிட் அதைவிட நல்லாவே இருக்கும் சார். நாலாயிரத்து ஐந்நூறு வருஷமா இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்?" என்றேன். பேசாமல் இருந்தார். ஐப்பசியில் காசி, மாசி வாக்கில் எகிப்து என்று தீர்மானமாயிற்று.

இதில் எகிப்துக்கும் ஒரு லாபம் உண்டு. அந்த ஊருக்குப் போகச் சரியான காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் ஆரம்பம் வரைதான். ஜூன், ஜூலையில் லக்ஸர் பக்கம் வெயில் நாற்பது டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். வேலூர்க்காரர்கள் சமாளிப்பார்கள். மற்றவர்கள் வேண்டாம். கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரத்தில் ஐரோப்பாவே அங்கே இறங்கிவிடுவதால் ரூம் வாடகை ஏறிவிடும். ரம்ஜான் மாதத்தில் பல இடங்களைச் சீக்கிரமே சாத்திவிடுவார்கள். அது வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். காலண்டரைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

* * *

ஆக, மிச்சம் ஒன்றே முக்கால் லட்சத்தில் காசி போக ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம். லீவு? இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, நடுவில் ஐந்து நாள் இ.எல். மொத்தம் ஒன்பது நாள். சென்னையிலிருந்து வழியில் ஏதாவது ஒரு ஊரில் இறங்கி ஏறித்தான் கெய்ரோ போகவேண்டும் என்பதால், போகவர இரண்டு நாளை விமானம் சாப்பிட்டுவிடும். கைக்கு நிற்பது ஏழு நாள்.

ஐயாயிரம் வருஷத்து சரித்திரம். ஏழு நாள். 1998-இல் வந்த 'ஜீன்ஸ்' படத்தில் பிரசாந்தும் ஐஸ்வர்யா ராயும் ஒரே பாட்டில் ஏழு அதிசயத்தையும் முடித்துவிட்டு வந்தார்கள். நமக்கு அந்த எடிட்டர் கிடைக்க மாட்டார்.

முதலில் நண்பர் ஒரு பாக்கேஜ் டூர் நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். 'ஐந்து இரவு, ஆறு பகல்' என்று ஒட்டகத்தோடு போட்டிருந்தது. பாக்கேஜ் டூர் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். வயசானவர்களோடு, குழந்தை குட்டியோடு போகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். சாம்பார் கூடக் கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்த இடத்தில் எத்தனை மணி நேரம்?' நோட்டீஸில் 'பாபிரஸ் இன்ஸ்டிட்யூட் விஜயம்', 'நறுமண மாளிகை விஜயம்', 'கம்பளப் பள்ளி விஜயம்' என்றெல்லாம் இருந்தால் அவை மூன்றும் கடைகள். உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அங்கே கமிஷன். பாபிரஸ் என்று சொல்லி வாழையிலிருந்து செய்த காகிதத்தைத் தலையில் கட்டுகிற ஆசாமிகளும் உண்டு. அசல் பாபிரஸ் நாணல் வகைப் புல்லின் தண்டைக் கீறி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்திச் செய்வது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தக் குறுக்கு நெடுக்குக் கோடு தெரியும்.

நோட்டீஸை மடித்து நண்பரிடமே கொடுத்துவிட்டேன்.

சொந்தமாகப் போவதாக இருந்தால் மூன்று காகித வேலை. விசாவை முன்கூட்டியே வாங்கிவிடவேண்டும். விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் எகிப்து தூதரகத்தின் தகவலைப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, டிராவல் இன்ஷூரன்ஸ். (நண்பர் துறை என்பதால் சொல்லவில்லை!) மூன்றாவது, வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டு. பல இடங்களில் நுழைவுச் சீட்டுக்கு இப்போது ரொக்கமே வாங்குவதில்லை. கார்டு மட்டும்தான். மற்ற எல்லா இடத்திலும் சில்லறை மட்டும்தான். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எகிப்தியப் பவுண்டு 2024 மார்ச்சில் தடாலென்று விழுந்தது. டாலருக்கு 31 பவுண்டு என்று இருந்தது, 50 ஆகிப் போனது. அந்த ஊர் ஜனங்களுக்கு அது பெரிய கஷ்டம். வெளியிலிருந்து போகிறவனுக்குக் கொஞ்சம் மலிவு. ஆனால் அந்த மலிவு உங்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று டூர் ஆட்கள் எல்லாவற்றுக்கும் டாலரில் விலை சொல்வார்கள். சாப்பாடு, டாக்ஸி, சின்ன ஹோட்டல் எல்லாம் பவுண்டிலேயே பேசுங்கள். நுழைவுச் சீட்டில் மட்டும் தப்பிக்க முடியாது. உள்ளூர்க்காரருக்கு ஒரு ரேட், வெளிநாட்டுக்காரருக்குப் பல மடங்கு. தாஜ்மகாலில் நாமும் அதைத்தான் செய்கிறோம். எனவே கோபப்பட நமக்கு யோக்யதை இல்லை.

* * *

ஏழு நாளைப் பிரிக்கிற வேலை ஆரம்பமாயிற்று. நண்பர் பட்டியலில் பதினோரு ஊர். நான் நாலு ஊரை அடித்தேன். அவர் மூன்றைத் திரும்ப எழுதினார். மறுபடி அடித்தேன். அலெக்சாந்திரியா போயிற்று. பெயர் பெற்ற கலங்கரை விளக்கமும் பழைய நூலகமும் இப்போது கிடையாது. 2002-இல் திறந்த புது நூலகம் அழகானதுதான். ஆனால் ஒரு நாளைக் கொடுக்கிற அளவுக்கு நம்மிடம் வசதி இல்லை. செங்கடல் கரையில் மீன் பார்ப்பது, அதுவும் போயிற்று. நைல் நதியில் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவே மூன்று நாலு ராத்திரி சொகுசுக் கப்பலில் மிதந்துகொண்டே போவது... இதை அடிக்கும்போது எனக்கே கை நடுங்கியது. அகதா கிறிஸ்டி அந்த நதியில் ஒரு கொலையையே நடத்தியிருக்கிறார். ஆனால் அந்தக் கப்பல் காசுதான் அம்மாவின் காசி டிக்கெட். நண்பரே பேனாவை வாங்கி அடித்தார்.

கெய்ரோவில் மூன்று நாள். இதில் எல்லோரும் செய்வது, இறங்கிய மறுநாள் காலை ஓட்டமாக ஓடி கீஸா பிரமிடைப் பார்த்துவிடுவது. என் கட்சி வேறு. முதல் நாள் சக்காரா, தஹ்ஷூர். இரண்டாம் நாள் கீஸா. ஏன் என்று சொல்கிறேன்.

சக்காராவில் இருப்பது ஜோஸர் ராஜாவின் படிக்கட்டுப் பிரமிட். சுமார் கி.மு. 2650. அதற்கு முன் ராஜாக்களைப் புதைத்தது பெஞ்சி மாதிரி தட்டையான செங்கல் மேடையின் கீழ். இம்ஹோதெப் என்ற மந்திரி, கல்லில் அந்த மேடையைக் கட்டி, அதன் மேல் சின்னதாக ஒன்று, அதன் மேல் ஒன்று என்று ஆறு அடுக்கு ஏற்றினார். நம் வீட்டுக் கொலுப்படி மாதிரி இருக்கும். அங்கிருந்து சில மைல் தெற்கே தஹ்ஷூர். ஸ்நெஃப்ரு ராஜா படிக்கட்டு வேண்டாம், வழவழவென்று சரிவாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 54 டிகிரி சரிவில் கட்டிக்கொண்டே போனார்கள். பாதி உயரத்தில், தாங்காது போலிருக்கிறதே என்று சந்தேகம் வந்து 43 டிகிரிக்குக் குறைத்தார்கள். விளைவு, நடுவில் இடுப்பொடிந்த ஒரு பிரமிட் இன்றைக்கும் நிற்கிறது. எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் 'ரெக்டிஃபிகேஷன் ஆஃப் எர்ரர்ஸ்' என்று ஒரு சாப்டர் உண்டு. அதைக் கல்லில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

ராஜா சோர்ந்துவிடவில்லை. பக்கத்திலேயே முதலிலிருந்தே குறைந்த சரிவில் இன்னொன்று. அதுதான் சிவப்புப் பிரமிட். கூட்டமில்லை, நெரிசலில்லை. அவர் மகன்தான் குஃபு. அப்பா செலவில் பாடம் படித்த பிள்ளை. சுமார் கி.மு. 2560-இல் அவர் எழுப்பியதுதான் கீஸாவின் பெரிய பிரமிட். சுமார் 23 லட்சம் கல். அன்றைக்கு 146 மீட்டர் உயரம், உச்சி உதிர்ந்துபோய் இன்றைக்கு 138. இந்த வரிசையில் பார்த்துவிட்டு கீஸாவில் போய் நின்றால்தான், அது வேற்றுக் கிரகத்து ஆசாமிகள் வந்து வைத்துவிட்டுப் போனதல்ல, தப்புத் தப்பாகக் கட்டிக் கட்டி மனுஷன் கற்றுக்கொண்டது என்று புரியும். நேரே கீஸா போனால் வாயைப் பிளக்கலாம், அவ்வளவுதான்.

'அடிமைகளைச் சவுக்கால் அடித்துக் கட்டினார்கள்' என்று சினிமாவில் பார்த்திருப்போம். 1990-இல் கீஸாவில் ஒரு குதிரை எதிலோ கால் இடறியது. தோண்டினால் பழைய சுவர். பிரமிட் கட்டியவர்களின் கல்லறைகள்! அடிமைகளுக்கு ராஜாவின் சமாதிக்குப் பக்கத்தில் யார் கல்லறை கொடுப்பார்கள்? பக்கத்திலேயே அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுப்படிகளும் கிடைத்தன. 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் பாபிரஸ் சுருள்கள் அகப்பட்டன. மெரெர் என்ற ஒரு சூப்பர்வைசரின் டைரி. நாற்பது பேர் கொண்ட கோஷ்டியோடு துரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கீஸாவில் இறக்கிய கணக்கு, நாள்வாரியாக. உலகத்தில் எழுத்தோடு கிடைத்த மிகப் பழைய பாபிரஸ் ஒரு லாரி டிரிப் ஷீட் என்பதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

கீஸாவில் 2025 ஏப்ரல் முதல் புது வாசல் வைத்து, உள்ளே மின்சார பஸ் விட்டிருக்கிறார்கள். ஏறி இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய பிரமிடுக்குள் போகத் தனிச் சீட்டு. குனிந்துகொண்டே மேலேறி, நாற்பத்தேழு மீட்டர் நீள உயரமான கூடத்தைத் தாண்டிப் போனால் கிடைப்பது காலியான ஒரு கல்தொட்டி. முதுகுவலிக்காரர்களும் மூச்சுத் திணறல்காரர்களும் அந்தக் காசில் மத்தியானம் நன்றாகச் சாப்பிடலாம்.

சாயங்காலம் பக்கத்திலேயே கிராண்ட் எகிப்தியன் மியூசியம். 2025 நவம்பர் 1-இல் முறையாகத் திறந்தார்கள். வாசல் கூடத்தில் 83 டன் எடையில் இரண்டாம் ராம்சேஸ் நிற்கிறார். இதே ஆசாமி ஐம்பது வருஷத்துக்கு மேல் கெய்ரோ ரயில் நிலையத்தின் முன்னால் பஸ் புகை குடித்துக்கொண்டு நின்றார். 2006-இல்தான் விடுதலை. துதன்காமனின் ஐயாயிரத்துச் சொச்சம் சாமான்களும் முதல் தடவையாக ஒரே இடத்தில். பத்தொன்பது வயதுக்குள் செத்துப் போன பையன். காலேஜ் செகண்ட் இயர் வயசு! பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்க முகமூடியைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். நீங்கள் அவனுடைய கைத்தடிகளைப் பாருங்கள். நூற்றுக்கு மேல் வைத்திருந்தான்.

மூன்றாம் நாள் மம்மிகள். 2021 ஏப்ரல் 3 அன்று ராத்திரி, பதினெட்டு ராஜாக்களையும் நாலு ராணிகளையும் பழைய மியூசியத்திலிருந்து அலங்கார வண்டிகளில் ஏற்றி, 21 குண்டு முழங்க ஊர்வலமாகக் கொண்டுபோய் ஃபுஸ்தாத்திலுள்ள நாகரிக மியூசியத்தில் வைத்தார்கள். அங்கே இருட்டான மண்டபத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்க விடமாட்டார்கள். ரொம்ப சரி. சாவு வீட்டில் செல்ஃபி எதற்கு?

நம்ம ராம்சேஸ் அங்கேதான் படுத்திருக்கிறார். அறுபத்தாறு வருஷம் ராஜ்யபாரம்! ரிடையர்மென்ட் கிடையாது. தொண்ணூறு வயதில், பல்லெல்லாம் சொத்தையாகி, மூட்டுவலியோடு கி.மு. 1213-இல் போய்ச் சேர்ந்தார். அதுவரை காத்திருந்து காத்திருந்து பன்னிரண்டு அண்ணன்மார் கழிந்துபோக, பதின்மூன்றாவது மகன் மெர்னெப்தாவுக்குப் பட்டம் கிடைத்தபோது அவருக்கே வயது அறுபதை ஒட்டி. பிரமோஷனுக்குக் காத்திருக்கிற அன்பர்கள் அந்தப் பெட்டியின் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

இன்னொரு விஷயம். அந்த ராம்சேஸின் மூக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே மிளகு! பாடம் பண்ணும்போது அடைத்தது. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் எந்தக் கப்பல், எத்தனை கை மாறி அங்கே போயிற்றோ! பிற்காலத்தில் ரோமானியர் நாளில் அந்த வியாபாரம் ஓஹோவென்று நடந்திருக்கிறது. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் ஏழரைக் கிலோ மிளகு ஜாடியோடு அகப்பட்டது. இன்னொரு துறைமுகமான குஸெய்ர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து. ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி' என்று படித்தார். பானை தொங்கவிடும் அதே உறிதான். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் தயிர்ப் பானையை எட்டாத உயரத்தில் தொங்கவிட்ட நம்மாள் யாரோ! இந்த இரண்டு ஊரும் நம் ஏழு நாளுக்குள் அடங்காது. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வோம்.

* * *

ராத்திரி ரயில். கெய்ரோவிலிருந்து லக்ஸர் ஏறத்தாழ 670 கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பயணம். ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம் என்று நான் எழுதியதைப் பார்த்து நண்பர், "சார், நீங்க எங்க அம்மாவைவிட மோசம்" என்றார்.

லக்ஸரின் கிழக்குக் கரையில் கர்னாக் கோயில். ஒரே மண்டபத்தில் 134 தூண்கள். நடுவிலுள்ள பன்னிரண்டு மட்டும் இருபது மீட்டருக்கு மேல் உயரம். காலை திறந்தவுடன் போய்விடுங்கள். பத்து மணிக்கு பஸ்கள் வந்துவிட்டால் தூணுக்கு ஒரு கைடு, கைடுக்கு ஒரு கொடி.

மேற்குக் கரையில் ராஜாக்களின் பள்ளத்தாக்கு. அறுபதுக்கு மேல் கல்லறைகள். ஒரு சீட்டுக்கு மூன்று கல்லறை பார்க்கலாம். துதன்காமன், முதலாம் சேத்தி போன்றவற்றுக்குத் தனிச் சீட்டு. 1922 நவம்பர் 4-இல் ஹோவர்ட் கார்ட்டர் படிக்கட்டைக் கண்டுபிடித்த அந்தத் துதன்காமன் கல்லறை நாலே சின்ன அறைதான். சாமானெல்லாம் கெய்ரோ போய்விட்டது. ஆனால் பையன் இன்னும் அங்கேயே படுத்திருக்கிறான். மற்றக் கல்லறைச் சுவர்களில் கிரேக்க, ரோமானிய டூரிஸ்டுகள் 'நான் வந்தேன், பார்த்தேன்' என்கிற ரீதியில் கிறுக்கியது மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். கிளியோபாட்ராவுக்கே பெரிய பிரமிட் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷப் பழசு. நாம் அவளுக்கு அதைவிடக் கிட்டம்.

இதெல்லாம் எல்லோரும் போகிற இடம். பக்கத்தில் தேர் எல் மதீனா என்று ஒரு கிராமம் இருக்கிறது. பாக்கேஜ் பஸ்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. நண்பர் லிஸ்டிலும் இல்லை. நான் கோடு போட்டு, அடியில் கோடு போட்டு எழுதிக் கொடுத்த இடம் அதுதான்.

அந்தக் கல்லறைகளைக் குடைந்து படம் எழுதிய கொத்தர்கள், ஓவியர்கள், குமாஸ்தாக்கள் குடியிருந்த காலனி அது. அரசாங்க க்வார்ட்டர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், வரிசையாக இடுப்பளவு சுவர்கள் இன்றும் நிற்கின்றன. சம்பளம் தானியமாக வரும். காகிதம் கிடையாது, பாபிரஸ் விலை ஜாஸ்தி. அதனால் உடைந்த கல் சில்லிலும் பானை ஓட்டிலும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கடன் சீட்டு, வழக்கு, கல்யாணச் சண்டை, கழுதை வாடகை... எல்லாம்.

அதில் ஒரு கல் சில்லு வருகைப் பதிவேடு! ராம்சேஸின் நாற்பதாவது வருஷத்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். நாற்பது பேர் பெயர். யார் எந்தத் தேதி வரவில்லை என்று கறுப்பு மையில், ஏன் வரவில்லை என்று சிவப்பு மையில். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒருவர் செத்துப் போன தாயாரின் உடம்புக்குத் துணி சுற்றப் போயிருந்தார். ஒருவரை மேலதிகாரி தன் சொந்த வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மூவாயிரத்து இருநூறு வருஷம், சார்! பீரை மட்டும் எடுத்துவிட்டால் (சில இடங்களில் எடுக்காமலே) நம் ஆபீஸ் ரிஜிஸ்டர்.

இன்னொன்றும் நடந்தது அங்கே. மூன்றாம் ராம்சேஸின் 29-வது வருஷம், சுமார் கி.மு. 1157. சம்பளத் தானியம் வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் எல்லோரும் கருவிகளைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி நடந்து போய், ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை. ராஜாவுக்கு எழுதுங்கள் என்றார்கள். அதிகாரிகள் சமாதானம் பேசினார்கள். நகரவில்லை. பாக்கி வந்தது. அடுத்த மாதம் மறுபடி தாமதம், மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த ஊர்க் குமாஸ்தா அத்தனையையும் எழுதிவைத்தார். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலை நிறுத்தம் என்று சரித்திரக்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்தப் பாபிரஸ் இத்தாலியில் துரின் நகர மியூசியத்தில் இருக்கிறது.

ராஜாவுக்குச் சாவே கிடையாது என்று பகலெல்லாம் சுவரில் படம் எழுதியவர்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரிசிப் பானையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்கென்று லீவு நாளில் குடைந்துகொண்ட சின்னக் கல்லறைகளும் அங்கேயே மலைச்சரிவில் உண்டு. 1886-இல் திறந்த சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறையில் அவரும் மனைவியும் மறுமையில் ஜோடியாகக் கதிர் அறுக்கிறார்கள். மஞ்சளும் பச்சையும் நேற்றுப் பூசினாற்போல் இருக்கும். தங்கம் பார்த்து வராத கண்ணீர் சிலருக்கு இங்கே வரும்.

* * *

கடைசி இரண்டு நாள் அஸ்வான். அங்கிருந்து விடிகாலை நாலு மணிக்கு வண்டி ஏறினால் 280 கிலோமீட்டர் பாலைவனம் கடந்து அபு சிம்பெல். மலையில் குடைந்த நாலு ராம்சேஸ், ஒவ்வொருவரும் இருபது மீட்டர். அஸ்வான் அணை கட்டியபோது முழுகிப் போக இருந்த கோயிலை, 1964 முதல் 1968 வரை யுனெஸ்கோ முன்னின்று துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி மறுபடி பொருத்தினார்கள். பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டு நாள் மட்டும் காலை வெயில் அறுபது மீட்டர் உள்ளே போய்க் கருவறைச் சிலைகள் மேல் விழும். நாலில் ஒன்று, இருட்டுக்குரிய ப்தா, அன்றைக்கும் நிழலிலேயே இருப்பார். மாசி லீவுக்குத் தேதி குறிக்கும்போது நண்பர் பிப்ரவரி 22-ஐ வட்டம் போட்டுக்கொண்டார். அன்று திருவிழாக் கூட்டம் இருக்கும் என்றேன். "நான் வைகுண்ட ஏகாதசி பார்த்தவன் சார்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. கோஷரி என்று ஒன்று: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் வறுத்த வெங்காயமும். சுத்த சைவம், வயிறு நிறையும், தெருவுக்குத் தெரு கிடைக்கும். காலையில் அவரை வகைப் பருப்பில் செய்த ஃபூல், நம் வடைக்கு அண்ணன் முறையான தாமியா. தண்ணீர் மட்டும் சீல் வைத்த பாட்டில்.

சில்லறைக்கு வருகிறேன். பக்ஷீஷ்! கதவைத் திறந்தவர், டார்ச் அடித்தவர், பாத்ரூமில் காகிதம் கொடுத்தவர், 'இங்கே நின்று போட்டோ எடு' என்று கைகாட்டியவர் எல்லோரும் கையை நீட்டுவார்கள். உபகாரம் செய்தவருக்குச் சந்தோஷமாகக் கொடுங்கள், அவர்கள் சம்பளம் என்ன என்று நமக்குத் தெரியாதா? வழியில் பிடித்துக் கையில் பொம்மையைத் திணித்து 'கிஃப்ட்' என்கிறவரிடம் 'லா, ஷுக்ரன்' சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள். ஒட்டகம் ஏறுவதென்றால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். மேலே உட்கார்ந்த பிறகு இறங்குவதற்குத் தனி ரேட் சொன்னால், அத்தனை உயரத்திலிருந்து பேரம் பேச முடியாது.

காசி டிக்கெட் வாங்கியாகிவிட்டது. எகிப்து டிக்கெட் வாங்க லீவு சாங்ஷன் ஆகவேண்டும். போன வாரம் நண்பர் லெட்டரை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். பிப்ரவரியில், இயர் எண்டிங் நெருக்கத்தில், ஐந்து நாளா என்று அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நண்பர் சாமர்த்தியசாலி. தேள் கொட்டிய கொத்தனார், பீர் காய்ச்சிய ஓவியர், சிவப்பு மை ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருக்கிறார். மேனேஜர் சிரித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, "அந்த ரிஜிஸ்டரை நல்லா ஒரு போட்டோ எடுத்துண்டு வாய்யா. நோட்டீஸ் போர்டுல மாட்டலாம்" என்றாராம்.

"அது லண்டன்ல, பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு சார்" என்றார் நண்பர். "அதுக்கு இன்னொரு அஞ்சு நாள் வேணும்."